வீட்டிலேயே தையல் பொம்மை: டேப் சுற்றினால் மட்டும் போதுமா?

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். வீடியோ பார்த்துத் தையல் கற்று இரண்டு வருடம் ஆகிறது, அக்கம்பக்கத்தாருக்குத் தைக்கும் ஜாக்கெட் சரியாக உட்காருகிறது, உங்களுக்கே தைத்துக்கொள்வது மட்டும் வலது தோளில் தொளதொளவென்று நிற்கிறது, பின்கழுத்து தூக்கிக்கொள்கிறது என்கிறீர்கள். துணியை மாட்டி அளவு பார்க்க உடம்பு வடிவில் கடையில் விற்கும் தையல் பொம்மை வாங்க இப்போது வசதியில்லை. உடம்பில் டேப் சுற்றிப் பொம்மை செய்கிறார்களே, அது வேலைக்கு ஆகுமா, எந்த டேப் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி டேப்பைப் பற்றியது போல இருந்தாலும் உங்கள் சிக்கல் வேறு. அடுத்தவரை நிற்கவைத்துப் பின்பக்கம் பார்த்துக் குண்டூசி குத்தலாம். நம் முதுகு நமக்குத் தெரியாது. தனக்குத் தானே தைத்துக்கொள்ளும் எல்லாருக்கும் இந்தத் தொல்லை உண்டு.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் 22 வருடமாகத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவிகளுக்காகவும் எனக்காகவும் இதுவரை 30 பொம்மைகளுக்கு மேல் செய்து பார்த்திருக்கிறேன். டேப் முறை வேலைக்கு ஆகும். ஆனால் உடம்பில் சுற்றி வெட்டிக் கழற்றிய டேப் கூட்டுக்குள் பஞ்சை அடைத்து அதையே பொம்மையாக வைத்துக்கொண்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அந்தக் கூட்டை வெட்டிப் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான தட்டையான வடிவம்) ஆக்கி, கெட்டித் துணியில் தைத்துப் பொம்மை செய்தால்தான் உங்கள் உடம்பு அதில் வரும்.

கடைப் பொம்மை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். துணிக்கடை வாசலில் நிற்கும் ஃபைபர் பொம்மையில் குண்டூசி இறங்காது, அதன் இடுப்பும் நம் இடுப்பு இல்லை. குண்டூசி இறங்கும் தையல் பொம்மையாக வாங்கினாலும் அது யாருக்கோ பொதுவாக எடுத்த அளவுதான். மார்பு 36 இன்ச் உள்ள இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முன்பக்கம் நிறைந்திருக்கும், இன்னொருவருக்கு முதுகு அகலமாக இருக்கும். இஞ்ச் டேப் சுற்றளவைத்தான் சொல்லும், அந்தச் சுற்றளவு உடம்பில் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. அடுத்தவருக்கு வரும் ஜாக்கெட் உங்களுக்கு வராமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

டேப் கூட்டைப் பேட்டர்ன் ஆக்கும் வேலையை நான் கற்றது தையல் கிளாசில் இல்லை. என் சின்ன மாமனார் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டியவர். பாத வடிவத்தில் ஒரு கட்டை இருக்கும், அதை லாஸ்ட் என்பார்கள். அந்த லாஸ்ட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டுவார், ஷூவின் கோடுகளைப் பென்சிலால் அதன் மேலேயே வரைவார், கத்தியால் கீறி உரித்து அட்டையில் தட்டையாக ஒட்டுவார். உருண்டை வடிவம் தட்டையான தோலுக்கு மாறுவது அந்த ஒரு இடத்தில்தான். வளைவு அதிகமாக உள்ள இடத்தில் டேப் படியாது, அங்கே ஒரு வெட்டுக் கொடுத்தால் விரிந்து படிந்துவிடும். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் ஜாக்கெட்டில் டாட் (வளைவுக்காகத் துணியை ஆப்பு வடிவில் மடித்துத் தைப்பது) ஏன் பிடிக்கிறோம் என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூ வேலைக்குப் போன ஒருவர் உங்கள் சொந்தத்தில் இருந்தால் அவரை உதவிக்குக் கூப்பிடுங்கள். பாதி வேலை அவர் கைக்கு ஏற்கெனவே பழக்கமாக இருக்கும்.

சரி, டேப். சில்வர் நிறத்தில் 2 இன்ச் அகலத்தில் வரும், உள்ளே நூல் வலை உள்ள டக்ட் டேப் வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கையாலேயே நேராகக் கிழிய வேண்டும், அதுதான் நல்ல டேப்புக்கு அடையாளம். தோளிலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை எடுக்க 25 மீட்டர் ரோல் இரண்டு ஆகும், மூன்றாவது ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். பார்சல் ஒட்டும் பிரவுன் பிளாஸ்டிக் டேப் வேண்டாம். அது வளைவில் படியாது, சுருக்கம் விழும், விளிம்பு தோலைக் கீறும். தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித டேப் கிடைத்தால் அதுவும் நல்லதுதான். காய்ந்ததும் அட்டை போல நிற்கும், கோடு போடவும் எளிது. ஆனால் ஈரத்தோடு காயும்வரை அசையாமல் நிற்க வேண்டும், அந்தப் பொறுமை எல்லாருக்கும் வராது. எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டுத் துணியை வைத்துச் செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். அது இறுகும்போது சூடாகும், கனமும் அதிகம். உடம்பு முழுக்க அதைச் சுற்றுவதை வீட்டில் செய்யவே கூடாது.

சுற்றும் வேலைக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், முடிந்தால் இரண்டு பேர். ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். நம் ஊர் வெயிலில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆரம்ப காலத்தில் ஒரு மே மாதம் பகல் 12 மணிக்கு ஒரு மாணவிக்குச் சுற்றிக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் கடைசி வரிசை ஒட்டும்போது, ‘கண்ணை இருட்டுதுக்கா’ என்றாள். உடனே முதுகோடு வெட்டி எடுத்து, படுக்கவைத்து, உப்புப் போட்ட மோர் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அன்றிலிருந்து காலை 6 மணிக்குத்தான் ஆரம்பிக்கிறேன், சாப்பிட்டுவிட்டுத்தான் நிற்கச் சொல்கிறேன். முட்டியை விறைப்பாகப் பூட்டி நிற்கக் கூடாது. சுற்றும்போது பேசிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், பேச்சு நின்றால் கவனியுங்கள். கர்ப்பிணிகள், ஆஸ்துமாவோ இருதயக் கோளாறோ உள்ளவர்கள், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள் இதைச் செய்ய வேண்டாம். கத்தரிக்கோல் எப்போதும் சுற்றுபவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஜாக்கெட்டுக்குள் வழக்கமாக எந்தப் பிரா போடுவீர்களோ அதையே போட்டுக்கொள்ளுங்கள். இங்கே தவறினால் எல்லாமே தவறும், ஏனென்றால் மார்பின் உயரம் அதைப் பொறுத்துத்தான் மாறுகிறது. அதன் மேல் வீணாகப்போகும் இறுக்கமான பழைய டி-ஷர்ட், இடுப்புக்குக் கீழ் வரை வருவதாக. முதுகுத்தண்டு நெடுக டி-ஷர்ட்டுக்குள் 2 இன்ச் அகலத்தில் ஒரு ரெக்ஸின் பட்டையைச் செருகிவிட்டால், வெட்டும்போது கத்தரி தோலில் படாது. இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டி, அது தானாகப் போய் நிற்கும் இடத்தில் விடுங்கள். அதுதான் உங்கள் இடுப்புக் கோடு.

டேப்பை ரோலோடு சுற்றக் கூடாது. அப்படிச் சுற்றினால் கை தானாக இழுக்கும், உடம்பு நசுங்கும், கிடைக்கும் கூடு உங்களைவிட ஒல்லியாக இருக்கும். வயிறு, முதுகுக்கு ஒரு முழ நீளத்தில் துண்டுகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள், மார்புக்கும் அக்குளுக்கும் ஒரு சாண் போதும். வைத்து, தடவி, ஒட்ட வேண்டும், இழுக்கவே கூடாது. மார்புக்குக் கீழே முதலில் ஒரு வரிசை. அப்புறம் இரண்டு மார்புக்கும் நடுவே பெருக்கல் குறி போல குறுக்கே இரண்டு துண்டு, அது நடுப்பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு ஒவ்வொரு பக்கமும் கீழிருந்து மேலாகச் சின்னத் துண்டுகள். மார்பின் மேல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நேராக ஒரே துண்டை ஒட்டினால் வடிவம் தட்டையாகிப் போகும். வீடியோக்களில் பலரும் செய்யும் தவறு இது. முதல் சுற்றைக் குறுக்காகவும் அடுத்ததை நெடுக்காகவும் ஒட்டுங்கள். வளைவு அதிகமான இடங்களில் மூன்றாவது சுற்றும் கொடுங்கள். கழுத்தைச் சுற்றி டேப் கொண்டுபோக வேண்டாம், கழுத்து தொடங்கும் இடத்தில் சின்னத் துண்டுகளை வைத்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெட்டும் முன் கோடு போட வேண்டும், இதற்கு அவசரப்படக் கூடாது. முன் நடுக்கோடு, பின் நடுக்கோடு, இடுப்புக் கோடு, இரண்டு மார்பு முனைகள், அக்குளுக்கு நேர் கீழே பக்கவாட்டுக் கோடு, மெல்லிய சங்கிலி போட்டால் விழும் இடத்தில் கழுத்துக் கோடு, கை வளைவு, இவ்வளவும் மார்க்கர் பேனாவால் வரைய வேண்டும். தோளின் நடுவிலிருந்து மார்பு முனை வழியாக இடுப்பு வரை ஒரு நீளக் கோடு, பின்பக்கமும் தோளிலிருந்து அதே மாதிரி. பிரின்சஸ் கட் ஜாக்கெட் தைத்திருக்கிறீர்கள் என்றால் அந்தக் கோடு உங்களுக்குப் பழக்கமானதுதான். பின் நடுக்கோட்டுக்குக் குறுக்கே மூன்று விரல் இடைவெளியில் சின்னச் சின்னக் கோடுகள் போடுங்கள், வெட்டிய பின் சேர்க்கும்போது ஏற்ற இறக்கம் வராமல் இருக்கும். அப்புறம் பின் நடுக்கோட்டோடு கீழிருந்து மேலே வெட்டி, சட்டை கழற்றுவது போலக் கழற்றுங்கள்.

இந்தக் கூட்டையே ஒட்டிப் பஞ்சடைத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, முதல் ஐந்தாறு பொம்மைகள் அப்படித்தான் செய்தேன். மூன்று விதத்தில் ஏமாற்றியது. முதலாவது, தடிமன். டி-ஷர்ட்டும் டேப்பும் சேர்ந்து 3 மில்லிமீட்டர் இருந்தால், சுற்றளவு கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர் கூடும், அதாவது முக்கால் இன்ச். ஜாக்கெட்டுக்கு முக்கால் இன்ச் என்பது பெரிய வித்தியாசம். இரண்டாவது, பஞ்சை அழுத்தி அடைத்தால் கூடு உருண்டையாகும். நம் உடம்பு அகலமாகவும் முன்பின் குறுகலாகவும் முட்டை வடிவில் இருக்கிறது. சுற்றளவு மாறாமலேயே அது வட்டமாகிவிட்டால் முதுகு ஒடுங்கும், முன்பக்கம் துருத்தும். இஞ்ச் டேப் வைத்துப் பார்த்தால் சரி என்றே காட்டும். மூன்றாவது, வெயில். மொட்டை மாடி அறையிலோ ஷீட் கூரைக்குக் கீழோ வைத்தால் டேப்பின் பசை இளகிப் பிசுபிசுக்கும், குண்டூசியில் ஒட்டும், பட்டுத் துணியை மேலே போடவே பயமாக இருக்கும்.

அதனால் கூட்டை வெட்டிப் பிரியுங்கள். பிரிக்கும் முன் ஒவ்வொரு துண்டிலும் வலதா இடதா, முன்னா பின்னா என்று எழுதி, மேல் நோக்கி ஒரு அம்புக்குறியும் போட்டுவிடுங்கள். முன் நடுக்கோட்டிலும் நீளக் கோடுகளிலும் பக்கக் கோடுகளிலும் வெட்டினால் மொத்தம் 8 துண்டுகள் வரும். ஒரு துண்டைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். முன்பக்க ஓரத் துண்டு மார்பு முனைக்கருகே படியாமல் குமிழ் போல எழும்பும். பக்கவாட்டு ஓரத்திலிருந்து மார்பு முனைக்கு அரை இன்ச் முன்பு வரை ஒரு வெட்டுக் கொடுங்கள். டப்பென்று ஆப்பு வடிவத்தில் விரிந்து, துண்டு தரையோடு படியும். அந்த இடைவெளிதான் உங்கள் டாட். எத்தனை இன்ச் டாட் பிடிப்பது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, உங்கள் உடம்பே சொல்லிவிட்டது. அந்த அகலத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் அது வேறாக இருந்தால் பதற வேண்டாம், பலருக்கும் அப்படித்தான் வருகிறது.

துண்டுகளைப் பேப்பரில் வரைந்து, துணியில் வெட்டும்போது ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் விட வேண்டும்: துணியை மடித்து வெட்டாதீர்கள். நாம் எல்லாருமே மடித்துத்தான் வெட்டக் கற்றோம். மடித்து வெட்டினால் வலதும் இடதும் ஒன்றாகிவிடும், உங்கள் வலது தோள் மறுபடியும் காணாமல் போகும். எட்டுத் துண்டையும் ஒற்றைத் துணியில் தனித்தனியாக வெட்டுங்கள். மெத்தை உறைக்குப் போடும் கோடு போட்ட கெட்டித் துணிதான் இதற்கு என் தேர்வு. இழுபடாது, பஞ்சு வெளியே வராது, கோட்டை நேர்குத்தாக வைத்து வெட்டினால் பொம்மை சாய்கிறதா என்று பார்த்ததும் தெரியும். பழைய ஜீன்ஸ் துணியும் ஆகும், ஆனால் ஸ்ட்ரெச் ஜீன்ஸ் கூடாது. சொன்ன அந்த முக்கால் இன்ச்சைக் கழிக்க, எல்லாத் தையலிலும் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக உள்ளே தள்ளித் தையுங்கள், 8 தையலிலும் இரண்டு பக்கமும் சேர்ந்து தேவையான அளவு குறைந்துவிடும். கீழே மூடும் முன் கழுத்துக்கும் கைக்கும் அட்டை வெட்டி வைத்து மூடுங்கள்.

அடைக்க பாலியஸ்டர் ஃபைபர் நல்லது, சுமார் 2 முதல் 3 கிலோ பிடிக்கும். தையல் கடைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் கட்டிங் துணி இலவசமாகவே கிடைக்கும். அதை அடைத்தால் பொம்மை கனக்கும், ஆனால் அசையாமல் நிற்கும். இலவம் பஞ்சு நாளாக ஆகக் கீழே இறங்கிவிடுகிறது, தோள் தொங்கிப்போகும். செய்தித்தாள் வேண்டாம், பூச்சியும் கரையானும் வரும். அடைக்கும்போது முட்டை வடிவம் மாறாமல் இருக்க, மார்பு மட்டத்திலும் இடுப்பு மட்டத்திலும் முன்னிருந்து பின்னுக்குக் கோணி ஊசியால் கெட்டி நூலை இழுத்துக் கட்டுங்கள். எவ்வளவு இழுப்பது என்று தெரிய, முன்கூட்டியே உங்கள் உடம்பின் முன்பின் தடிமனை அளந்து வைத்திருக்க வேண்டும். முன்னே ஒரு நீள ஸ்கேல், முதுகில் ஒரு நீள ஸ்கேல், இரண்டையும் இணையாகப் பிடித்து இடையில் எவ்வளவு என்று ஒருவர் அளந்தால் போதும். ஸ்டாண்டுக்குப் பழைய பெடஸ்டல் ஃபேனின் கால்தான் சிறந்தது. உயரம் ஏற்றி இறக்கலாம், அடி கனமாக இருக்கும், பழைய இரும்புக் கடையில் கேட்டால் கிடைக்கும்.

இப்போது இந்தப் பொம்மை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுடிதார், நைட்டி, கவுன், பாவாடை, கழுத்து டிசைன், தோள் சரிவு, பின்கழுத்து எழும்புவது இவற்றுக்கெல்லாம் நம்பிக் குண்டூசி குத்தலாம். இறுக்கமான ஜாக்கெட்டில் கடைசி கால் இன்ச்சை மட்டும் இதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உடம்பு மெத்தென்று அழுங்கும், பொம்மை அழுங்காது. பொம்மையில் ஹூக் மாட்ட முடியாத ஜாக்கெட் உங்களுக்குச் சுகமாக இருக்கலாம். பொம்மைக்குக் கை கிடையாது என்பதால் கையைத் தூக்கும்போது அக்குளில் இழுக்கிறதா என்பதும் அதில் தெரியாது. அதற்கு லைனிங் துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுக்கொண்டு, பரணில் ஒரு டப்பாவை எடுத்து வைத்துப் பாருங்கள். நான் செய்த பொம்மைகள் எல்லாமே பெண்களுக்கு, பெரும்பாலும் ஜாக்கெட்டுக்கும் சுடிதாருக்கும். ஆண்களின் கோட்டு, சட்டைக்கு இதே முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் வலது தோளைப் பற்றி. நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்த வரை தோள் சற்று இறங்கியிருப்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு படத்தை வைத்து அது உடம்பா, வெட்டிய விதமா என்று சொல்வது சரியில்லை. வலது பக்கக் கை வளைவை ஆழமாக வெட்டியிருந்தாலும் இதே தொளதொளப்பு வரும். பொம்மை தயாரானதும் உங்கள் பழைய ஜாக்கெட்டைப் புரட்டாமல் நேராகவே அதற்கு மாட்டுங்கள். வலது தோள் தையலைக் கிள்ளிப் பிடித்து எவ்வளவு மிச்சம் வருகிறது என்று பாருங்கள். கழுத்துப் பக்கம் ஒன்றுமில்லாமல் கைப்பக்கம் மட்டும் மிச்சம் வந்தால் காரணம் தோள் சரிவு. வலது தோள் தையலைக் கைப்பக்கம் அந்த அளவுக்கு இறக்கி, வலது அக்குளையும் அதே அளவு இறக்கி வெட்டினால் சரியாகிவிடும். கழுத்துப் பக்கமும் கைப்பக்கமும் ஒரே அளவு மிச்சம் வந்தால் ஜாக்கெட்டின் தோள் உயரமே கூடுதல், உடம்பில் குறையில்லை. பின்கழுத்து எழும்புவதற்கு, மேல்முதுகில் சிறிய வளைவு இருக்கிறதா என்று பொம்மையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இருந்தால் பின் துண்டின் உயரத்தை நடுவில் மட்டும் கால் இன்ச் கூட்டிப் பாருங்கள். தோள் இறக்கம் சமீபத்தில்தான் வந்தது என்றாலோ முதுகு வலியும் சேர்ந்து இருந்தாலோ, பொம்மைக்கு முன்பு எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

கடைசியாக, பொம்மையின் அடி அட்டையில் செய்த தேதியையும், அன்றைய மார்பு, இடுப்பு அளவுகளையும் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உங்களை அளந்து ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஃபைபரை மெல்லிய தட்டாக வைத்து, மேலே பனியன் துணியில் இறுக்கமாக ஒரு உறை தைத்துப் போட்டால் போதும். குறைந்திருந்தால் பக்கத் தையலைப் பிரித்து உள்ளே எடுக்க வேண்டியிருக்கும். சுற்றும் அன்றைக்கு ஆள் கிடைக்காமல் இருந்தால், அல்லது துண்டு எட்டும் சேராமல் எங்காவது நின்றுவிட்டால், எந்தத் துண்டு எங்கே மிஞ்சுகிறது என்று படத்தோடு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.